தாண்டிக்குடி மலைப்பாதையில் மூன்று செட் டயர்

யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ.டி. ஜி015 டயரைப் போட்டு மூன்று வருஷம் தாண்டிவிட்டது. இதுவரை 41,000 கிலோமீட்டர். ஏ.டி. என்றால் தார் ரோடு, மண் தடம் இரண்டுக்கும் சேர்த்துச் செய்த வகை. அளவு 245/70 ஆர்16, அதாவது அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம். வண்டி இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2018 மாடல், நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப். இந்த வண்டிக்கு இது மூன்றாவது செட். இரண்டாவது செட்டுக்கு நான் கொடுத்த பணமும் அதில் பட்ட பாடும் இல்லாவிட்டால் இந்த டயரின் அருமை எனக்குத் தெரிந்திருக்காது. அதனால் அந்தக் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம். காப்பி, மிளகு, நடுவே கொஞ்சம் ஆரஞ்சு. வத்தலகுண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை வழியாக ஏறி வர வேண்டும். தார் ரோட்டை விட்டு இறங்கினால் தோட்டத்து வீடு வரைக்கும் மூன்றரை கிலோமீட்டர் செம்மண் தடம். இரண்டு ஓடை, ஒரு செங்குத்தான ஏற்றம், வழி நெடுகக் கூர்ங்கல். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் விழுந்து, தடம் பாதி அரித்துப்போய், எங்கள் பழைய வண்டி நாலு நாள் வெளியே வர முடியாமல் நின்றது. அதற்கப்புறம்தான் இந்த பிக்கப்பைப் பழையதாக வாங்கினேன். மாதம் ஒரு முறை அப்பாவை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனவர். அவர் முன் சீட்டில், பின்னால் மிளகு மூட்டையோ காப்பி மூட்டையோ. ஆக டயர் என்று வந்தால் எனக்கு இரண்டு கேள்வி: மழையில் தடம் ஏறுமா, அப்பாவின் முதுகு தாங்குமா. எத்தனை நாள் உழைக்கும் என்பது அதற்கடுத்துத்தான்.

வண்டியோடு வந்த முதல் செட் நெடுஞ்சாலை டயர், அதாவது எச்.டி. என்பார்களே அது. தார் ரோட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐப்பசி மழையில் தோட்டத்து ஏற்றத்தில் மட்டும் பாதியில் நின்று பின்னால் சறுக்கும். 2019 டிசம்பரில் அப்படிச் சறுக்கி ஓடைக் கரையில் பின் சக்கரம் தொங்கிய அன்றுதான் டயரை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மதுரையில் ஒரு பெரிய டயர் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். தடத்தைப் பற்றிச் சொன்னதும் கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "மேடம், உங்க ரோட்டுக்கு எம்.டி.தான். பெரிசா போடுங்க, வண்டி சும்மா ஏறிப் போகும்" என்றார். எம்.டி. என்றால் சேற்றுக்கென்றே செய்த டயர். காட்டியது எல்.டி.265/75 ஆர்16, இறக்குமதி. பெரிய பெரிய கட்டைகளோடு, நாம் பட்டன் டயர் என்போமே, அந்த மாதிரி. ஒன்று 19,000 ரூபாய், நாலுக்கு 76,000. ஓரம் உரசாமல் இருக்க உள் மட்கார்டு பிளாஸ்டிக்கை வெட்டினார்கள். ஸ்டெப்னிக்கு மட்டும் பழைய எச்.டி. டயரே இருக்கட்டும் என்றார்கள். அது எவ்வளவு தவறான யோசனை என்று அன்று எனக்குப் புரியவில்லை.

ஏறியது உண்மை. அதை மறைக்க மாட்டேன். அடுத்த மழைக்காலம் முழுக்க ஒரு நாளும் தடத்தில் நிற்கவில்லை. ஆனால் என் வண்டி ஓடுகிற தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சேறு கிடையாது. மிச்சமெல்லாம் தார் ரோடு. அந்த மிச்சத்தில்தான் பிரச்சினை ஆரம்பித்தது.

முதல் முறை அப்பாவை அதில் மதுரைக்குக் கூட்டிப் போனபோது பெரும்பாறை இறங்குவதற்குள்ளேயே அவர் ஜன்னலுக்கு மேல் இருக்கிற கைப்பிடியைப் பிடித்துவிட்டார். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. வத்தலகுண்டு வந்தது, நிலக்கோட்டை தாண்டியது, அந்தக் கை இறங்கவே இல்லை. ரோட்டில் இருக்கும் சின்னச் சின்ன ஒட்டுகள்கூட உட்காருமிடத்தில் குத்தின. வீடு திரும்பி இரண்டு நாள் அவர் எழுந்து நடக்கவில்லை.

ஸ்பிரிங்கைக் குறை சொன்னேன், ஷாக் அப்சார்பரை மாற்றலாமா என்று விசாரித்தேன். கடைசியில் வத்தலகுண்டில் எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணன்தான் டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் ஓரத்தைப் படித்தார். "தங்கச்சி, இது லோடு ரேஞ்ச் ஈ. பத்து பிளை. எண்பது வரைக்கும் காத்து தாங்குற டயரு. இத வெறும் வண்டிக்குப் போட்டா கட்ட வண்டி மாதிரிதான் இருக்கும்" என்றார்.

டயரின் ஓரத்தில் 'எல்.டி.' என்று அளவுக்கு முன்னால் இருந்தால் அது சரக்கு ஏற்றும் வண்டிக்கென்று பக்கச் சுவரைத் தடிமனாக்கிச் செய்தது. லோடு ரேஞ்ச் எழுத்து சி என்றால் ஆறு பிளை, அதாவது ஆறு நூலடுக்குக்குச் சமமான பலம்; டி என்றால் எட்டு, ஈ என்றால் பத்து. நான் வாங்கிய டயரில் 123 என்ற எண் இருந்தது; ஒற்றை டயர் 1,550 கிலோ தாங்கும் என்று அர்த்தம். நாலும் சேர்ந்தால் ஆறு டன்னுக்கு மேல். என் வண்டி வெறுமையாக இரண்டு டன்கூட வராது. டயரின் பக்கச் சுவர்தான் ரோட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே முதலில் வளைந்து கொடுக்க வேண்டியது. ஆறு டன்னுக்குச் செய்த சுவர் இரண்டு டன்னுக்கு ஏன் வளையப் போகிறது? போதாததற்குக் கடையில் 45 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) காற்று வேறு அடித்து அனுப்பியிருந்தார்கள்.

எடையும் ஒரு காரணம். ஒரு டயரைக் கழற்றி, மிளகு மூட்டை நிறுக்கிற எங்கள் தராசிலேயே வைத்துப் பார்த்தேன். ரிம் இல்லாமல் 23 கிலோ. பழைய எச்.டி. டயர் 14 கிலோ. சக்கரம் ஒன்றுக்கு 9 கிலோ கூடுதல், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே. வண்டிக்குள் ஒரு மூட்டையைக் கூட ஏற்றினால் குலுக்கல் குறையும். அதே எடை சக்கரத்தில் கூடினால் குலுக்கல் ஏறும். பள்ளத்தில் விழுந்து எழும்புகிற சக்கரத்தை ஷாக் அப்சார்பரால் பிடித்து நிறுத்த முடியாது.

காற்றை 32-க்கு இறக்கினேன். பாதி நிவாரணம் கிடைத்தது. மற்ற தொல்லைகள் அப்படியே இருந்தன. 245/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறக்குறைய 749 மில்லிமீட்டர். 265/75 ஆர்16 வந்தால் 804. ஏழு சதவீதத்துக்கு மேல் பெரிசு. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் போகும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திரும்பிக்கொண்டிருந்த வண்டி முதல் கியர் கேட்டது. டீசல் லிட்டருக்கு 12 கொடுத்தது மீட்டர் கணக்கில் 9.5 ஆனது. மீட்டரே குறைத்துக் காட்டுவதால் உண்மையில் 10.2 என்று பிறகு கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படியும் நஷ்டம்தான்.

எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது மழை நனைத்த தார் ரோடு. சேற்றுக்குச் செய்த டயரில் கட்டைகள் பெரிது, இடைவெளி அதிகம். தார் மேல் பதிகிற ரப்பரின் பரப்பு குறைவு. கட்டைகளின் மேல் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் இருக்குமே, ஈரத் தரையில் பிடிப்பைக் கொடுப்பவை அவைதான். எனக்குக் கிடைத்த டயரில் அவை பேருக்கு இருந்தன. தடியன்குடிசைக்குக் கீழே ஒரு வளைவில், தூறல் மட்டுமே போட்டிருந்த மாலையில், பிரேக்கை அழுத்தியதும் வண்டி ஒரு முழு வண்டி நீளம் நேராகச் சறுக்கியது. எதிரே பஸ் வராதது எங்கள் நல்ல நேரம்.

தேய்மானம் இன்னொரு வேதனை. 45 காற்றில் ஓடிய முதல் சில மாதத்திலேயே பின் டயர்களின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. முன் டயர்களில் ஒவ்வொரு கட்டையும் ஒரு முனை உயரமாகவும் மறு முனை தாழ்வாகவும் ரம்பப் பல் மாதிரி ஆனது. டயர் அப்படித் தின்ன ஆரம்பித்தால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசி ஒரு வருஷம் வண்டிக்குள் பேச்சு கேட்காது. அப்பா மதுரைக்கு வரும்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். 2021-ல் ஒரு டயரில் பள்ளத்தில் விழுந்து பக்கம் வீங்கியது. அதே டயர் ஒன்று மட்டும் வாங்கலாம் என்று தேடினால் எங்கும் இல்லை. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்திவிட்டது. அதற்கப்புறம் அந்த ரகம் வருவதே நின்றுபோயிருந்தது. ஸ்டெப்னியோ சின்ன அளவு. நாலு சக்கரத்தையும் இணைத்து ஓட்டுகிற வண்டியில் ஒன்று மட்டும் விட்டம் குறைந்தால் கியர்ப்பெட்டிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஆகவே பொருந்தாத ஸ்டெப்னியோடு 4x4-ஐத் தொடாமல் நாலு மாதம் ஓட்டினேன். 4x4-க்காகவே வாங்கிய வண்டி அது. மீட்டரில் 26,000, உண்மையில் சுமார் 28,000 கிலோமீட்டரில் அந்த செட்டைக் கழற்றிப் போட்டேன். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 70 காசு டயருக்கு மட்டும்.

கழற்றும்போது இன்னொன்றும் தெரிந்தது. டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நாலு எண்தான் டயரின் பிறந்த தேதி: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். என்னுடைய நாலில் இரண்டு 2016-ல் செய்தவை. புதுசு என்று முழு விலை வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் கடையில் கிடந்த டயரை மாட்டிவிட்டிருக்கிறார்கள். இன்றும் மனசு ஆறவில்லை.

2022 பிப்ரவரியில் அடுத்த செட் வாங்கப் போகும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தேன். வண்டியோடு வந்த அளவு, அதே 245/70 ஆர்16. முன்னால் எல்.டி. இருக்கக் கூடாது. ஏ.டி. வகை. மதுரையில் ஒற்றை டயர் கேட்டாலும் கிடைக்க வேண்டும். ஐந்து டயர், ஸ்டெப்னியும் சேர்த்து, எல்லாம் ஆறு மாதத்துக்குள் செய்தது. இந்த முறை போனது திண்டுக்கல்லில் ஒரு சின்னக் கடை. அவர் சீட்டைப் படித்துவிட்டு, "மேடம், லோடு எவ்வளவு ஏத்துவீங்க?" என்று முதலில் கேட்டார். மதுரையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஜி015-ஐ அவர்தான் எடுத்துக் காட்டினார். இதே ரகத்தில் சில அளவுகள் எல்.டி.யாகவும் வருகின்றன, அதனால் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் போதாது, ஓரத்தைப் படிக்க வேண்டும். எனக்கு வந்தது 111எச். ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். பின்னால் 600, 700 கிலோ ஏற்றினாலும் தாராளம். தராசில் வைத்தோம், 15, 16 கிலோவுக்குள் நின்றது. ஒன்று 11,500 ரூபாய். நாலுக்கு 46,000, ஸ்டெப்னி தனி.

போட்ட அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலகுண்டு வருகிற வழியில் ரயில்வே கேட் தாண்டும்போது ஸ்டியரிங்கில் வழக்கமாக வரும் அடி வரவில்லை. அடுத்த மாதம் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தார். பெரும்பாறைக்குக் கீழே, எப்போதும் அவர் கை மேலே போகிற இடத்தில் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையும் மடியில் இருந்தன. நிலக்கோட்டைக்குள் தூங்கிவிட்டார்.

ஈரத் தாரில் இந்த டயரை நான் முழுசாக நம்புகிறேன். மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டேன். கட்டைகளில் மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக ஓடுகின்றன. பிரேக் போட்டால் வண்டி பேச்சைக் கேட்கிறது. கூர்ங்கல்லில் இதுவரை ஒரே ஒரு பஞ்சர், அதுவும் ஆணி. சத்தம் என்று பார்த்தால் எந்த ஏ.டி. டயரும் நெடுஞ்சாலை டயர் அளவுக்கு அமைதியாக இருக்காது. ஆனால் 41,000-க்குப் பிறகும் நாங்கள் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டு வருகிறோம், அது எனக்குப் போதும். அதேபோல் கெட்டிச் சேற்றில் ஏ.டி. என்ற வகைக்கே ஒரு எல்லை இருக்கிறது. செம்மண் களி இடைவெளியை அடைத்துவிட்டால் சக்கரம் வழவழவென்று சுற்றும். அந்த மாதிரி நாளில் தோட்டத்துக் கேட்டிலேயே நின்று காற்றை 22-க்கு இறக்கி, 4எல்-ல், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கிற கியரில் போட்டு, நிறுத்தாமல் மெதுவாக ஏறுகிறேன். காற்று இறங்கியதும் டயர் நீளவாட்டில் படுத்துத் தரையைப் பிடிக்கிறது. இந்த வழியில் மூன்று வருஷத்தில் இரண்டு முறைதான் ஏற முடியாமல் திரும்பினேன். திரும்பத் தார் ரோட்டுக்கு வரும்போது பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசரால் மறுபடி ஏற்றிக்கொள்வேன். இறக்கிய காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் பக்கச் சுவர் சூடேறி டயர் கெட்டுவிடும், அதில் மட்டும் சோம்பல் படக் கூடாது.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே டயர் காற்றைப் பொறுத்துப் பஞ்சு மெத்தையாகவும் இருக்கும், கருங்கல்லாகவும் இருக்கும். மெக்கானிக் அண்ணன் கற்றுக்கொடுத்த வழி எளிது. சாக்பீஸால் டயரின் குறுக்கே ஒரு கோடு போட்டு, நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அழிந்து நடு மட்டும் மிச்சமிருந்தால் காற்று குறைவு. ஒரே மாதிரி அழிந்தால் சரி. வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் அளவில் ஆரம்பித்து இப்படிப் பார்த்துப் பார்த்து என் வண்டிக்குப் பொருந்தியது: வெறும் வண்டி என்றால் முன்னால் 30, பின்னால் 28. மூட்டை ஏற்றினால் பின்னால் 40. மிளகு இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்த 40-ஐக் குறைக்காமல் வந்தால் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் துள்ளும். அதற்காக டயரைக் குறை சொல்லக் கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காலையில் தாண்டிக்குடியில் குளிரக் குளிர 30 வைத்து மதுரைக்கு இறங்கினால், 20 டிகிரி வெயில் கூடுவதால் மூன்று நாலு ஏறும். கீழே காற்றழுத்தம் அதிகம் என்பதால் மீட்டர் ஏறக்குறைய இரண்டு குறைத்துக் காட்டும். கடைசியில் ஒன்று இரண்டுதான் வித்தியாசம். மதுரை பங்க்கில் சூட்டோடு பார்த்து, கூடிவிட்டதென்று இறக்கிவிட்டு மேலே வந்தால் மறுநாள் காலையில் குறைந்து நிற்கும். நான் எப்போதும் காலையில், வண்டி எடுப்பதற்கு முன், என் கையிலிருக்கும் மீட்டரில்தான் பார்க்கிறேன்.

தேய்மானத்துக்கு வருகிறேன். புதுசில் பள்ளத்தின் ஆழம் அளந்தது 10.5 மில்லிமீட்டர். இப்போது 4.8, ஐந்து டயரிலும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள். சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். எங்கள் மலையில் மழைக்கு அது ஆபத்து, நான் மூன்றிலேயே மாற்றிவிடுவேன். அப்படியென்றாலும் 54,000 வரை வரும். சுற்றில் இருக்கும் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயருக்குக் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 6 காசு. இதற்குப் பாதிப் புண்ணியம் டயருக்கு, பாதி 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றுவதற்கு. கொண்டை ஊசி வளைவுகளில் முன் டயரின் ஓரம் தேய்கிறது, ஏற்றத்தில் பின் டயர் தேய்கிறது. பின்னால் இருப்பதை நேராக முன்னால் கொண்டு வந்து, முன்னால் இருப்பதைக் குறுக்காகப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்த்தால் ரம்பப் பல் வருவதே இல்லை. அன்றைக்கே அலைன்மென்ட்டும் பார்த்துவிடுகிறேன். தோட்டத்துத் தடத்தில் கல்லில் இடித்து இடித்து அது விலகிக்கொண்டே இருக்கும்.

கல்குவாரிக்குப் போகிறவர்கள், தினமும் ஒரு டன்னுக்குக் குறையாமல் ஏற்றுகிறவர்கள் எல்.டி.யே வாங்கட்டும். அவர்கள் வண்டியில் அந்தத் தடித்த சுவர் அளவாக வளையும், கல் வெட்டையும் தாங்கும். பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2 பெரும்பாலும் எல்.டி. அளவுகளில்தான் வருகிறது, அந்த வேலைக்கு அது பேர்பெற்ற டயர். நம் ஊர்க் கம்பெனிகளிலும் அப்போலோ ஆப்டெரா ஏ.டி.2, சியட் சார் (Czar) ஏ.டி. என்று இருக்கின்றன. அவற்றை நான் ஓட்டியதில்லை, ஓரத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இந்த செட் 41,200 கிலோமீட்டர் தொட்டதும் அடுத்த சுற்று இடம் மாற்ற வேண்டும். அடுத்த செவ்வாய் அப்பாவுக்கு மதுரையில் டாக்டர் நாள், போகிற வழியில் வத்தலகுண்டில் அண்ணனிடம் விடுகிறேன். ஸ்டெப்னியை இந்த முறை முன் இடது பக்கம், அப்பா உட்காரும் பக்கம், போடச் சொல்லியிருக்கிறேன்.